கேனப்பிக்கு வைத்த பொட்டு

கருமத்தம்பட்டியில் பாலுசாமி என்று கேட்டால் யாருக்கும் சட்டென்று தெரியாது. பிளேன் கட்டுகிறவர் என்றால் பெட்டிக்கடைக்காரர்கூடக் கை நீட்டி வழி சொல்வார். சொல்லிவிட்டுச் சிரிக்கவும் செய்வார். தறிக்கு உதிரி பாகம் கடைந்து பிழைக்கிற மனிதர், பட்டறையின் பின்பக்கம் வருடக்கணக்காக இரண்டு பேர் உட்காரும் விமானம் ஒன்றைக் கட்டிக்கொண்டிருந்தால் ஊர் வேறென்ன செய்யும்?

சிரிப்பைப் பற்றி அவருக்குக் கவலை இல்லை. கவலையெல்லாம் கண்ணைப் பற்றித்தான். சர்க்கரை நோய் இடது கண்ணை முழுதாக வாங்கிக்கொண்டுவிட்டது. வலது கண் பொங்கல் வரை தாங்கினாலே பெரிது என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். தானே ஓட்டும் ஆசையை எப்போதோ விட்டாயிற்று. விமானம் ஓட்டத் தெரிந்த அக்கா மகன் அபிலாஷ் கார்த்திகையில் வருவதாகச் சொல்லியிருந்தான். அவன் பக்கத்தில் உட்கார்ந்து, தன் ஊரை மேலேயிருந்து ஒரே ஒரு முறை பார்த்துவிட வேண்டும். சாமியிடம் அவர் கெஞ்சியது இவ்வளவுதான்.

மிச்சமிருந்த பெரிய வேலை கேனப்பி. ஆள் தலைக்கு மேல் கவிழ்கிற, கண்ணாடி போன்ற அக்ரிலிக் மூடி அது. வெளிநாட்டிலிருந்து வந்து சேரவே பல மாதம் ஆனது. குளிரில் வெட்டினால் விரிசல் விடும் என்று உச்சி வெயிலில் வெட்டினார். துளை போடும்போது மூச்சைக்கூட அடக்கிக்கொண்டார். சோப்புத் தண்ணீர் தவிர வேறெது பட்டாலும் கீறல் விட்டுவிடும், படவே கூடாது என்று பட்டறையில் எல்லோரையும் மிரட்டி வைத்திருந்தார். ஆயுத பூசைக்கு முதல் நாள் கடைசி ஸ்குரூவும் ஏறியது.

பூசையன்று அவர் மனைவி சாந்தாமணி, லேத்துக்குச் சந்தனம் குங்குமம் வைத்த கையோடு கேனப்பிக்கும் வரிசையாகப் பொட்டு வைத்தாள். வேண்டாம் என்று சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. மறுநாள் பொட்டெல்லாம் காய்ந்து இறுகிவிட்டது. வருடா வருடம் செய்கிறபடியே பனியன் வேஸ்ட் துணியைப் பெயிண்ட் கரைக்கும் தின்னரில் நனைத்து லேத்தைத் துடைத்தார், டிரில்லிங் மெஷினைத் துடைத்தார், அதே கையோடு கேனப்பியையும் பளபளவென்று துடைத்துவிட்டார். பட்டறையையே மிரட்டிய மனிதரின் புத்தி அப்போது எங்கே மேயப் போயிருந்ததோ.

அடுத்த நாள் காலை உள்ளே ஏறி உட்கார்ந்து மூடியை இறக்கினார். எதிரே பட்டறைக் கதவு மங்கலாகத் தெரிந்தது. அதன்மேல் சிலந்தி வலை போல மெல்லிய கோடுகள். கண்ணைக் கசக்கினார். கோடுகள் போகவில்லை. இந்தக் கண்ணும் போயிற்றா?

"சாந்தா, சித்த இங்க வா. இதுல ஏதாச்சும் தெரியுதா? நல்லாப் பாத்துச் சொல்லு."

அவள் குனிந்து பார்த்தாள். ஸ்குரூத் துளை ஒவ்வொன்றிலிருந்தும் விரிசல் கிளம்பி மூடி முழுக்க ஓடியிருந்தது.

"ஏனுங்க, பூராவும் கீறலுங்க."

"உனக்கும் தெரியுதா?"

"தெரியுதுங்க."

"அப்ப என்ற கண்ணு நல்லாத்தான் இருக்குது" என்றார். சந்தோஷத்தில் சத்தமாகச் சிரித்தார். அடுத்த நொடியே விஷயம் உறைத்து, முகம் செத்துப்போனது.

"நான் பொட்டு வெச்சதுனாலயாங்க?"

"பொட்டு என்ன பண்ணுச்சு. நாந்தான் தின்னர் போட்டுத் தொடச்சுப்போட்டேன்."

"வேற ஒண்ணு வாங்க முடியாதுங்களா?"

"வர்றதுக்குச் சித்திரை ஆயிரும்."

வலது கண்ணுக்கு டாக்டர் சொன்ன கெடு பொங்கலோடு முடிந்துவிடும் என்று இருவருக்கும் தெரியும். அவர் முகத்தைக் கைகளில் புதைத்துக்கொண்டு அழுதார். அழுது ஓய்ந்தபின், கையை எடுக்காமலே சொன்னார்.

"சித்திரைல அபிலாஷோட நீ போ. பாத்துட்டு வந்து எனக்குச் சொல்லு."

சாந்தாமணி தலையாட்டினாள். அது அவருக்குத் தெரியாதே என்று, "சரிங்க" என்று வாய்விட்டும் சொன்னாள்.