ஹோலிக்கு மறுநாள் வந்த தலையங்கம்

இன்று காலை டிவியில் நாலு பேர் பேப்பரைப் பிரித்து வைத்துக்கொண்டு கத்தியதைப் பார்த்ததும் வரதன் மாமா ஞாபகம் வந்துவிட்டது.

எண்பதுகளில் டில்லி கரோல் பாகில் எங்கள் பக்கத்துப் போர்ஷன்காரர். காலை ரேடியோவில் பத்திரிகைத் தலையங்கங்களைச் சுருக்கிச் சொல்வார்கள். மாமா குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டே கேட்பார். நாங்கள் சேர்ந்து போகும் ஆபீஸ் பஸ்ஸில், பேப்பரில் தானே படித்ததுபோல் அளப்பார்.

ஒருநாள் ஏறியதுமே, "இன்னிக்கு எடிட்டோரியல் பாத்தேளா? கவர்ன்மெண்டைக் கிழிச்சுத் தொங்கவிட்டுட்டான்!"

"பாத்தேனே! கடைசி பாரா பிரமாதம்," என்றார் அக்கவுண்ட்ஸ் ராமதுரை. பின்சீட்டிலும் தலைகள் ஆடின.

முன்சீட் சர்தார்ஜி திரும்பி, "எடிட்டோரியலா? நேற்று ஹோலி, பிரஸ்ஸுக்கு லீவு. இன்று பேப்பரே வரவில்லையே பாயி!" என்றார் இந்தியில்.

ரேடியோக்காரர்கள் முந்தின நாள் தலையங்கத்தையே மறுபடி வாசித்திருக்கிறார்கள். 'இன்று பேப்பர் இல்லை, இது பழையது' என்று அவர்கள் சொன்னது, பக்கெட் நிரம்பும் சத்தத்தில் மாமாவின் காதில் விழவில்லை.



மாமா அசரவில்லை. எங்கள் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னார்: "பாத்தேளா, இந்த மனுஷனுக்குப் பேப்பர் படிக்கற பழக்கமே இல்லை!"

அதற்கும் எல்லோரும் தலையாட்டினார்கள்.

இன்று பேப்பரைக் கையால் தொட்டவர்கள் மட்டும் கமெண்ட் போடவும். மற்றவர்கள் வழக்கம்போல் தலையாட்டினால் போதும்.