செருப்புக் கப்பல்

போன வாரம் கடற்கரைச் சாலைப் பக்கம் ஒரு மண்டபத்துக்கு வேனில் ஆட்களை இறக்கப் போனேன். வாசலிலேயே சூடான ஜெராக்ஸ் தாள் வாசம். உள்ளே நாற்காலி போதாமல் படிக்கட்டிலும் உட்கார்ந்திருந்தார்கள். எல்லாரும் குழந்தைப் பருவத்தின் வரலாற்றை ஆராய்கிறவர்களாம். நம்புவீர்களோ என்னவோ, ஒருகாலத்தில் இது மூன்று நாற்காலிக் கூட்டம். மூன்றாவது என்னுடையது.

அப்போது நான் ஒரு சந்துக் கடையில் ஜெராக்ஸ் போட்டுக்கொண்டிருந்தேன். விட்டுவிட்டு ஐந்தாவது வரை படித்தவன். நோணாங்குப்பத்தில் படகு தள்ளி, மேட்டுப்பாளையத்தில் பிளாஸ்டிக் வாளிக்குக் கைப்பிடி மாட்டி, எதிலும் ஆறு மாதம் தாங்காமல் அங்கே வந்து சேர்ந்திருந்தேன். பழைய பள்ளிப் பதிவேடுகளை நகலெடுக்க ஒரு மதாம் வருவார். ஓய்வு பெற்ற பிரெஞ்சு டீச்சர். கூடவே ஒரு கல்லூரி வாத்தியார். அந்தக் காலத்துப் பிள்ளைகள் எப்படி வாழ்ந்தார்கள் என்று சனிக்கிழமைதோறும் மிஷின் பக்கத்திலேயே உட்கார்ந்து பேசுவார்கள். முதலாளி தலையில் அடித்துக்கொள்வார்: "மூக்கொழுகுன கதைக்கு ஒரு சங்கமாய்யா!"

ஒருநாள் மதாம் டேப் ரிக்கார்டரை என் பக்கம் திருப்பினார். "நீ சின்னதுல என்னப்பா விளையாடுன?"

எட்டு வயதில் நான் வில்லியனூர்ப் பக்கம் செங்கல் சூளையில், சுடாத பச்சைக்கல்லை வெயிலில் காயத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தேன். அதைப் பெரிய துக்கமாக நினைத்ததில்லை. ஆனால் அவ்வளவு ஆசையாகக் கேட்கிறவரிடம் ஒன்றுமில்லை என்று எப்படிச் சொல்வது? "செருப்புக் கப்பல்" என்றேன். தலையில் ஒரு செருப்பு, ஒற்றைக்கால் நொண்டி, கோடு கிழித்த கடலைத் தாண்ட வேண்டும். செருப்பு விழுந்தால்? "கப்பல் முழுகிடுச்சுன்னு தலையில தண்ணி ஊத்துவோம் மதாம்." இல்லாத விளையாட்டுக்கு விதி சொல்லி எனக்கு மூச்சு வாங்கியது.

அது அவர்களுடைய சின்னப் பத்திரிகையில் வந்தது. உடனே கடிதங்கள் குவிந்தன. கனகசெட்டிக்குளத்துக்காரர் ஒருவர் நேரிலேயே வந்து, "தப்பா போட்டிருக்கீங்க, எடது காலத்தான் தூக்கணும்" என்று சண்டை போட்டார். விழுப்புரத்தில் அதற்கு வேறு பெயராம். சண்டைக்கு வந்தவர்களெல்லாம் சங்கத்தில் சேர்ந்தார்கள். நான் வேன் ஓட்டக் கிளம்பிவிட்டேன். மதாமும் காலமானார்.

போன வாரம் அந்த மண்டபத்துப் புல்வெளியில் பேராசிரியர்கள், வெள்ளைக்காரர்கள் உட்பட, தலையில் செருப்போடு நொண்டிக்கொண்டிருந்தார்கள். சிரிப்பை அடக்கி வயிறு வலித்தது. வாத்தியார் என்னைக் கைகாட்ட, கயல் என்ற ஆராய்ச்சி மாணவி ஓடி வந்தாள். "அண்ணா, நீங்கதானா அது? மூணு வருசமா இதத்தான் எழுதுறேன். மத்தியானம் மேடையில படிக்கப்போறேன்!"

சிரிப்பு நின்றுவிட்டது. சொன்னால் அவளுடைய மூன்று வருடம் போகும். சொல்லாவிட்டால் என்றைக்காவது அவள் மானம் போகும். சொல்லிவிட்டேன்.

"விளையாடாதீங்கண்ணா."

"விளையாடவே இல்லம்மா, அதான் விசயமே."

படிக்கட்டில் உட்கார்ந்து கட்டுரைத் தாள்களில் கோடு கிழித்தாள். பிறகு மேடையேறி எல்லாவற்றையும் அப்படியே சொன்னாள். நரைத்த தலையோடு கனகசெட்டிக்குளத்துக்காரர் துள்ளி எழுந்தார்: "யோவ், நான் ஆடியிருக்கேன்யா! எங்கிட்டயே கதையா?" பாதி மண்டபம் அவருக்குக் கை தட்டியது.

அமளி அடங்கியதும் கயல் நோட்டோடு வேனுக்கு வந்தாள். "ஒரு அத்தியாயம் போச்சு. சூளையில யார் யாருண்ணா இருந்தீங்க? பள்ளிக்கூடத்துப் பதிவேட்டுல அவங்க பேரு இருக்காதில்ல?"

என்னைத் தவிர ஏழு பேர். முருகவேல், செல்வி, அஞ்சலை என்று ஆறு பேரைச் சொன்னேன். ஏழாவது ஒரு பெண். எங்களில் அவள்தான் வேகம். கல் திருப்பிக்கொண்டே கங்காணியைப் போல் நடந்து காட்டுவாள். நாங்கள் விழுந்து விழுந்து சிரிப்போம். சூளை இருந்த இடத்தில் இன்று அடுக்குமாடி நிற்கிறது. அவள் முகம் இருக்கிறது, முன்பல் இல்லாத சிரிப்பு இருக்கிறது. கயல் பேனாவைப் பிடித்தபடி காத்திருந்தாள். பெயர் மட்டும் வரவில்லை.