ஈரத்துணி கட்டிப் பார்த்து வாங்கிய மெஷின்

என் வீட்டுக்காரர் தனக்கென்று ஒரு சட்டை வாங்கக்கூட யோசிக்காத மனிதர். கடைக்காரர் எடுத்துக் கொடுத்ததைப் போட்டுக்கொண்டு வந்துவிடுவார். அப்பேர்ப்பட்டவர் மரம் தேய்க்கிற ஒரு சாண்டர் மெஷினைத் தேர்ந்தெடுக்க, மழைக்காலம் தொடங்கி வெயில்காலம் வரை என் உயிரை வாங்கினார்.

வேலை பார்த்த காலமெல்லாம் டவுன் பஸ் ஓட்டினார். ஸ்டியரிங்கைப் பிடித்துப் பிடித்தே வலது கை மரத்துப்போகும் வியாதி வந்தது. ஓய்வு பெற்றதும் நாற்காலியைச் சுவர் பக்கம் போட்டு உட்கார்ந்துவிட்டார். கேட்டால் பதில் வரும்; கேட்காவிட்டால் அதுவும் கிடையாது. நான் முன்னறையில் பள்ளிச் சீருடை தைத்துக்கொண்டே அவரைப் பார்ப்பேன். பிறகு எப்படியோ பின்னறையில் மரவேலை தொடங்கினார். முதல் முக்காலி ஆடியது. ஆனால் அதைச் செய்தவர் முகத்தில் மறுபடி களை வந்திருந்தது.

கையில் பிடித்துத் தேய்க்கிற சின்ன மெஷினை வைத்துத்தான் முதலில் ஓட்டினார். அதன் அதிர்வில் விரலெல்லாம் வெளுத்துப்போய், தம்ளரைக்கூடப் பிடிக்க முடியாமல் போனது. அதையும் தொடக்கூடாது, உப்புத்தாளால் தேய்ப்பதும் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஓரிடத்தில் நிற்கிற மெஷின்தான் வழி. மரத்தை அதனிடம் கொண்டுபோய்க் காட்டினால் போதும்.

என் கதை வேறு. எனக்கு மூச்சிரைப்பு. பின்னறைக்கும் முன்னறைக்கும் நடுவில் கதவு கிடையாது, வெறும் வாசல்தான். தினமும் காலையில் வெள்ளை லைனிங் துணியை நனைத்து அந்த வாசலில் கட்டுவேன். சாயங்காலம் அவிழ்த்துப் பார்த்தால் எவ்வளவு தூசி வந்தது என்று தெரிந்துவிடும். துணி பழுப்பேறிய நாளெல்லாம் நெஞ்சுக்குள் விசில் ஊதும்.

அவர் கையா, என் நெஞ்சா என்று வந்து நின்றது. இரண்டையும் காப்பாற்றுகிற மெஷின் கிடைக்காவிட்டால் பின்னறையைப் பூட்ட வேண்டியதுதான். பூட்டினால் மனிதர் மறுபடி சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிடுவார். எனக்கு அந்தப் பயம்தான்.

சாப்பிடும்போதும் போனில் மெஷின்தான் ஓடும்.

"பெல்ட் ஓடுறது நேர் விளிம்புக்கு நல்லாருக்கும். வட்டத்தட்டு பலகையோட முனைக்கு. உருளை வச்சது உள்வளைவுக்கு."

"அப்ப மூணையும் கட்டிக்கிட்டு அழுங்க. குழம்பு ஆறுது."

மகள் போனில் சிரித்தாள். "எனக்கு மாப்பிள்ளை பாக்கும்போது அப்பா இவ்ளோ விசாரிக்கலையேம்மா!"

கடைசியில் பெல்ட்டும் வட்டத்தட்டும் சேர்ந்த ஒன்று பிடித்துப்போனது. மேசைமேல் நிற்கும். பின்பக்கம் தூசியை இழுத்துப் பையில் போட ஒரு குழாய். இழுக்கிறதா என்று யார் பார்ப்பது? நான்தான். லைனிங் துணியோடு கடைக்குப் போனேன். அங்கேயே நனைத்து, மெஷினுக்குப் பின்னால் இரண்டு கைகளாலும் விரித்துப் பிடித்துக்கொண்டு, "ஓட்டுங்க" என்றேன்.

கடைக்காரர் தலையைச் சொறிந்தார். "ஏம்மா, மெஷின் வாங்க வந்தீங்களா, துணி காயப்போட வந்தீங்களா?"

"ரெண்டுக்கும்தான். ஓட்டுங்கய்யா."

ஒரு பலகையை நன்றாகத் தேய்த்துக் காட்டினார். துணி பளிச்சென்றிருந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. வாங்கி, ஆட்டோவில் மடியில் சுமக்காத குறையாகக் கொண்டுவந்தோம்.

வீட்டில் ஓட்டிய முதல் நாளே துணி பழுப்பாகிவிட்டது. கடைச் சுவரில் ஆள் உயரத்துக்கு ஒரு மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்ததும், தூசியெல்லாம் தெருவுக்குப் பறந்ததும் அப்புறம்தான் உறைத்தது. ஊருக்கெல்லாம் அளவெடுத்துத் தைக்கிறவள் நான், காற்றை அளக்க மறந்துபோனேன். அன்று சாயங்காலம் முழுக்க மூச்சுக்குத் தவித்துக்கொண்டு கட்டிலில் கிடந்தேன். அவர் விசிறிக்கொண்டே இருந்தார்.

"குழாயைச் சரிபண்ணிட்டேன்" என்றார் மறுநாள். மோட்டார் சத்தம் கேட்டது. துணி வெள்ளையாகவே இருந்தது. அடுத்த நாளும், அதற்கடுத்த நாளும். அப்பாடா என்றிருந்தது எனக்கு. அவரோ வரவர ஓய்ந்துபோனார். தம்ளரை இடது கையால் வாங்க ஆரம்பித்தார்.

ஒருநாள் மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்போதே, தைத்த சீருடைகளைக் கொடுக்கப் பின்சந்து வழியாகப் போனேன். மதில் ஓரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, முக்காலியின் காலை உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்தார் என் வீட்டுக்காரர். உள்ளே மெஷின் சும்மா ஓடிக்கொண்டிருந்தது. என் காதுக்காக ஓட்டிவிட்டு வந்திருக்கிறார்!

"அடப்பாவி மனுஷா! கையைப் பாருங்க, பொணத்தோட கை மாதிரி இருக்கு."

"அன்னைக்கு நீ மூச்சுக்குத் தவிச்சியே..." என்றார். தலை நிமிரவில்லை.

எனக்கு வந்த கோபத்துக்கும் அழுகைக்கும் அளவில்லை. இரண்டையும் விழுங்கிக்கொண்டு ஒரு முடிவு சொன்னேன். "நாளையிலேர்ந்து சாயங்காலம் நான் பூங்காவுல போய் உக்காந்துக்கறேன். ஆசை தீர மெஷினை ஓட்டுங்க. ஜன்னலெல்லாம் திறந்து, துடைச்சு வச்சப்புறம் வரேன்."

"எவ்ளோ நேரம் தனியா உக்காருவ?"

"நீங்க சுவரைப் பாக்கறதுக்கு நான் மரத்தைப் பாக்கறது மேல்."

மறுநாள் அப்படியே போனேன். பெஞ்சில் உட்கார்ந்ததும்தான் எவ்வளவு களைத்திருக்கிறேன் என்று தெரிந்தது. கண் செருகியது. விழித்தபோது பக்கத்தில் அவர் உட்கார்ந்திருந்தார். மடியில் முக்காலிக் கால், கையில் உப்புத்தாள்.

"மெஷின் என்னாச்சு?"

"நல்லா ஓடுச்சு. முக்கால்வாசி வேலை முடிஞ்சுது. துடைச்சும் வச்சிட்டேன்."

"அப்ப வீட்டுல இருக்க வேண்டியதுதானே?"

"மெஷினை நிறுத்துனா ஒரு சத்தமும் இல்ல. உன் தையல் மெஷின் சத்தமும் இல்ல. கொஞ்ச நேரத்துல நாற்காலியத் தேடிக்கிட்டு சுவத்துப் பக்கம் போறேன்" என்றார். "பயமாயிடுச்சு."

நான் எழுந்து, காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கிறது என்று பார்த்து, தூசி என் மேல் படாத பக்கமாக வந்து உட்கார்ந்தேன். இம்முறை மறக்கவில்லை. உப்புத்தாளை அவர் கையிலிருந்து பிடுங்கி, முக்காலிக் காலை என் மடியில் வைத்துத் தேய்த்தேன்.

"இழை போற பக்கமா தேய். அழுத்தாத."

"எனக்குத் தெரியும். கையை மடக்காம நீட்டி வைங்க."