பொத்தானை மாற்ற முடியாத விளையாட்டு

கும்மிடிப்பூண்டி ரயிலடிக்குப் பக்கத்திலிருந்த பாய் கடையின் பின்பக்க அறைக்குள் நுழைந்தால் முதலில் மூக்கில் ஏறுவது ஒரு வாசனை. நாளெல்லாம் ஓடிச் சூடேறிய டிவியின் பிளாஸ்டிக் நெடியும், ஷிஃப்ட் முடிந்து நேராக வந்து நிற்கிறவர்களின் சட்டையிலிருந்த கிரீஸும் இரும்புத்தூளும் வியர்வையும் கலந்தது அது. பழவேற்காட்டிலிருந்து வந்து கடை போட்டிருந்த காதர் பாய், முன்பக்கம் சோப்பு, பிஸ்கெட், பீடி விற்றுக்கொண்டு, பின்பக்கம் ஆளுயர மரப்பெட்டிகளாக மூன்று வீடியோ கேம் "மிஷின்"களை வைத்திருந்தார். இரண்டாயிரங்களின் தொடக்கம். நான் அப்போது ஆறாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன்.

மூன்றில் ஒன்றுக்கு நாங்கள் வைத்திருந்த பெயர் "பிளேன் கேம்". ஒரு சின்ன விமானம் மேலே போய்க்கொண்டே இருக்கும், எதிரே வருவதையெல்லாம் சுட வேண்டும், அவ்வளவுதான். அதே விளையாட்டைத்தான் இப்போது தூசி தட்டி, இன்றைய வீட்டுக் கேம் கருவிகளில் ஓடும்படி செய்து, புத்தம்புதிது போல விலை வைத்து விற்கிறார்கள். நான் வாங்கியது தெரிந்து, வாங்கலாமா என்று அலுவலகத்தில் சிலர் கேட்டார்கள். வேண்டாம் என்றேன். ஏன் என்று சொல்ல மதிய இடைவேளை போதாது என்பதால் இதை எழுதுகிறேன்.

என் அப்பா ஏழுமலையை நான் நைனா என்றுதான் கூப்பிடுவேன். தொழிற்பேட்டையில் ஒரு ரோலிங் மில்லில் அவருக்கு வேலை. பழுக்கக் காய்ந்து சீறிக்கொண்டு வரும் கம்பியின் தலையை இடுக்கியால் பிடித்து அடுத்த உருளைக்குள் திருப்பிவிட வேண்டும். வேலை முடிந்ததும் கூட்டாளிகளில் பாதிப் பேர் சாராயக் கடைக்குப் போக, இவர் பாய் கடைக்குப் போனார். ஒரே மிஷினில் இரண்டு பேர் தோளோடு தோள் நின்று ஆடலாம் என்பதால் சில மாலைகளில் என்னையும் கூட்டிப்போவார். வளர்ந்த ஆளுக்குச் சின்னப் பிள்ளை விளையாட்டா என்று தெருவில் சிரித்தார்கள். குடித்துவிட்டு ரோட்டில் விழுந்து கிடந்தவர்களைப் பார்த்து யாரும் அப்படிச் சிரித்ததாக எனக்கு நினைவில்லை.

ஒரு மழைக்காலத்தில் அவருடைய வலது கை உருளையில் மாட்டியது. கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் போய்விட்டன. கையுறை கிழிந்திருக்கிறது, வேறு கொடுங்கள் என்று அவரும் மற்றவர்களும் கேட்டுக் கேட்டு அலுத்திருந்தார்கள் என்பது மில்லில் எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் முதலாளி தரப்பில் அவருடைய கவனக்குறைவு என்று சொல்லிக் கதையை முடித்தார்கள். ஆஸ்பத்திரிச் செலவைக் கொடுத்ததை ஏதோ தர்மம் செய்தது போலப் பேசினார்கள். புண் ஆறியதும் லாரி வரும்போது கதவைத் திறந்து மூடும் வேலையைக் கொடுத்து, நன்றி சொல்லும்படி எதிர்பார்த்தார்கள். இதை நினைத்தால் இன்றும் எனக்கு நெஞ்சு கொதிக்கிறது.

அதற்குப் பிறகு நைனா பாய் கடைக்கு வேடிக்கை பார்க்கத்தான் போனார். வலது கையைத் துண்டுக்குள் மறைத்துக்கொண்டு, ஆடுகிறவர்களின் முதுகுக்குப் பின்னால் நிற்பார். சோப்பு வாங்க நான் போயிருந்த ஒரு சாயங்காலம் பாய் அவரைக் கூப்பிட்டார்.

"இன்னா ஏழுமல, டெய்லி வந்து பாத்துகினே போற. ஆட வேண்டியதுதான?"

"கை இல்ல பாய்" என்றார் நைனா.

"ஒரு கைதான இல்ல. இன்னொன்னு கீதுல்ல."

நைனா ஆடிப் பார்த்தார். அந்த மிஷினில் விமானத்தை நகர்த்தும் "ஹேண்டிலு" இடப்பக்கமும், சுடுகிற பொத்தான்கள் வலப்பக்கமும் இருக்கும். மிச்சமிருந்த மூன்று விரல்களால் பிடிக்கத்தான் முடியும், படபடவென்று அமுக்க வராது என்பதால், பொத்தானை அமுக்க இடது கையை வலப்பக்கம் கொண்டுபோய், ஹேண்டிலைப் பிடிக்க வலது உள்ளங்கையை இடப்பக்கம் நீட்டி, கைகள் இரண்டும் பின்னிக்கொண்டு நின்றார். விமானம் உடனே வெடித்தது. பின்னாலிருந்து எவனோ சிரித்தான். நைனா துண்டை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அடுத்த முறை ரிப்பேருக்குச் சென்னையிலிருந்து மெக்கானிக் வந்தபோது, பிளேன் கேமின் ஒரு பக்கத்துப் பலகையைக் கழற்றி, ஹேண்டிலை வலப்பக்கமும் பொத்தான்களை இடப்பக்கமும் மாற்றி வைக்கச் சொல்லியிருக்கிறார் பாய். இப்படி எங்கேயும் செய்வதில்லை, வருகிற ஆட்களும் போய்விடுவார்கள் என்று மெக்கானிக் முணுமுணுத்திருக்கிறார். மத்தவன் அந்தாண்ட நின்னு ஆடட்டும் என்றாராம் பாய். ஒருவருக்காக மிஷினையே மாற்றுவதா என்று பையன்கள் சண்டைக்கு வந்தபோதும், புடிக்கலன்னா வேற மிஷினுக்குப் போங்க என்று சொல்லிவிட்டு பிஸ்கெட் கட்ட ஆரம்பித்துவிட்டாராம்.

நைனா மறுபடி ஆடினார். மூன்று விரலும் உள்ளங்கையும் சேர்த்து ஹேண்டிலை அணைத்துப் பிடித்துக்கொள்வார். இடது கை முதலில் தடுமாறியது, பிறகு பழகிவிட்டது. கை போன பிறகும் புத்தி வரவில்லையா என்று அக்கம்பக்கத்தில் பேசியதைக் கேட்டு, ஒரு நாள் அம்மா அவரை இழுத்து வரக் கிளம்பினாள். நானும் பின்னாலேயே ஓடினேன். அம்மா வாசலோடு நின்றுவிட்டாள். நைனாவின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, அவரைக் கூப்பிடாமலே திரும்பினாள். வழியில் நியாயம் கேட்ட பக்கத்து வீட்டுக்காரியிடம் அவள் சொன்னது இது:

"ஊட்ல செவுத்த மொறச்சிகினு குந்தினு இருக்கறதுக்கு, அங்க நின்னு சுடட்டும். அவருக்கு யாரையோ சுடணும்னு கீது."

இப்போது எனக்குத் திருவள்ளூரில் வேலை, வீடும் இங்கேயே. அம்மா போன பிறகு நைனா என்னோடுதான் இருக்கிறார். பழைய பிளேன் கேம் திரும்ப வந்திருக்கிறது என்று படித்த அன்றே வாங்கிவிட்டேன். நியாயமாகச் சொல்ல வேண்டும்: படம் கண்ணாடி போல இருக்கிறது, இசை ஒரு இழை பிசகாமல் அதேதான். அந்த இசை ஆரம்பித்ததும் நாற்காலியில் சாய்ந்திருந்த நைனா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

கருவியைக் கையில் கொடுத்தேன். நகர்த்துகிற குச்சி இடப்பக்கம், சுடுகிற பொத்தான் வலது கட்டை விரலுக்கு. அவருக்கு அந்த விரல் இல்லை. வலப்பக்கமிருக்கும் இன்னொரு குச்சியை உள்ளங்கையால் நகர்த்தி, இடது கையால் சுடும்படி மாற்றிவிடலாம் என்று விளையாட்டின் அமைப்புகளுக்குள் போனேன். திரையைச் சுற்றி மரப்பெட்டியின் படத்தை வைத்துக்கொள்ளலாம். படத்தைப் பழைய டிவி போல மங்கலாக்கலாம். செத்துப்போனால் ஆட்டத்தைப் பின்னால் ஓட்டி, சாகாதது போல நடிக்கலாம். இடதை வலதாக்க மட்டும் வழியில்லை.

விற்ற நிறுவனத்துக்கு எழுதிக் கேட்டேன். அசல் விளையாட்டின் அனுபவத்தை மாற்றாமல் அளிப்பதே தங்கள் நோக்கம் என்று பதில் வந்தது. எந்த அசல்? எனக்குத் தெரிந்த அசலில் ஒரு கடைக்காரர் பலகையைக் கழற்ற வைத்தார். கை சரியில்லாதவர்களுக்கென்று தனிக் கருவி விற்கிறார்களே என்றார் அலுவலகத் தோழி ஒருத்தி. பார்த்தேன், விளையாட்டை விட அதற்கு விலை பல மடங்கு அதிகம். மில்லுக்குக் கை கொடுத்தவர் விளையாடவும் தனியாகக் கொடுக்க வேண்டுமாம்.

கும்மிடிப்பூண்டியில் இன்று அந்தக் கடை இல்லை. ரோட்டை அகலப்படுத்தியபோது இடித்துவிட்டார்கள். பாய் காலமாகிவிட்டார். மிஷின்களைப் பழைய இரும்புக்குப் போட்டதாகச் சொன்னார்கள். வேலை முடிந்து வருகிறவர்கள் குடிக்காமல் கொஞ்ச நேரம் நிற்பதற்கு அந்தப் பக்கத்தில் வேறு இடம் எதுவும் வந்ததாகத் தெரியவில்லை.

"உடும்மா. நீ ஆடு, நா பாக்கறேன்" என்றார் நைனா அன்றைக்கு. ஆடினேன். இப்போ சோத்துக்கைப் பக்கம் ரெண்டு வரும் என்றார், வந்தன. கீழ எறங்கிக்கோ, பெருசு வருது என்றார், வந்தது. இத்தனை வருடம் கழித்தும் அந்த ஆட்டம் முழுவதும் அவருக்கு மனப்பாடமாக இருந்தது. எல்லாம் தெரிந்தவர் நாற்காலியில் கை கட்டி உட்கார்ந்திருக்க, எதுவும் நினைவில்லாத நான் மறுபடி மறுபடி வெடித்துக்கொண்டிருந்தேன்.