மலிவுப் பெட்டி பிளாப்பிகள்

தொண்ணூறுகளின் நடுவில் பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியின் வேதியியல் ஆய்வகத்தில் டெக்னீஷியனாக இருந்தேன். தண்ணீரில் கரைந்திருக்கும் உலோகங்களை அளக்கும் கருவி ஒன்று புதிதாக வந்திருந்தது. அளந்ததை அது தன்னிடம் வைத்துக்கொள்ளாது. பிளாப்பியில் எழுதித் தந்துவிடும். பிளாப்பி வாங்குவது என் பொறுப்பு.

ஜங்ஷன் கடைக்காரர் இரண்டு பெட்டிகளைக் காட்டினார். ஒன்று கம்பெனிப் பெட்டி. மற்றதில் பெயரே இல்லை, விலை பாதிக்கும் கீழே. "லெட்டர் கிட்டர் அடிக்க இது போதும். ரொம்ப நாளைக்கு வச்சிருக்கணும்னா அதை எடுத்துக்கிடுங்க சார்" என்று அவரே சொன்னார். நான் மலிவானதை எடுத்தேன். முந்தின வாரந்தான் துறைத்தலைவர் எல்லார் முன்னாலும் என் சிக்கனத்தைப் பாராட்டியிருந்தார். அந்தப் பாராட்டு எனக்கு இன்னொரு தடவை வேண்டியிருந்தது. வேறு காரணம் இல்லை.

அப்போது மேலப்பாளையத்திலிருந்து ஒரு பெண் ஆய்வுக்கு வந்துகொண்டிருந்தாள். முக்கூடலிலிருந்து ஸ்ரீவைகுண்டம் வரை பஸ்ஸில் போய் ஆற்றுத் தண்ணீரைப் புட்டிகளில் பிடித்து வருவாள். அளவுகளை இன்னொரு பிளாப்பியிலும் நகல் எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டாள். எதற்கு வீணாக, ஒன்று போதும் என்றேன்.

ஏழு மாத அளவுகள் நான்கு பிளாப்பிகளில் இருந்தன. ஒருநாள் காலை அவற்றில் ஒன்றுகூடத் திறக்கவில்லை. அளந்த தண்ணீரை அன்றன்றே கொட்டிவிட்டிருந்தோம். துறைத்தலைவர் வந்து, என்ன ஆயிற்று என்று என்னைக் கேட்டார். அவளுடைய கைப்பை மேசைமேல் இருந்தது. வாயில் சின்னக் காந்தம் வைத்து மூடுகிற பை.

"பையில காந்தம் இருக்கு சார். அதுல வச்சுக் கொண்டுபோனா எல்லாம் அழிஞ்சிரும்" என்றேன்.

அவள் மறுக்கவில்லை. தப்பு தன்மேல்தான் என்று மன்னிப்புக் கேட்டாள். மறுநாளிலிருந்து துணிப்பையோடு வந்தாள்.

அன்று எல்லாரும் போனபிறகு, பெட்டியில் மிச்சமிருந்த, யாரும் தொடாத பிளாப்பிகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். பாதிக்கு மேல் கெட்டிருந்தன. காகிதத்தில் சுற்றி, உடைந்த கண்ணாடிக் குழாய்களோடு குப்பையில் போட்டேன்.

அவள் முதலிலிருந்து மறுபடி ஆரம்பித்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் புட்டிகளைச் சுமக்க நானும் போனேன். எவ்வளவு நல்ல மனுஷன் என்று அவள் எல்லாரிடமும் சொன்னாள். அதைத்தான் தாங்க முடியவில்லை. முக்கூடல் படித்துறையில் ஒருநாள் புட்டியைக் கழுவிக்கொண்டே, தலை நிமிராமல் கேட்டாள்.

"அண்ணாச்சி, அந்தப் பெட்டியில மத்த பிளாப்பி எல்லாம் நல்லா இருந்துச்சா?"

பக்கத்தில் யாருமில்லை. சொல்லியிருக்கலாம்.

"நல்லாத்தாம்மா இருந்துச்சு" என்றேன்.

சரி என்று மூடியைத் திருகினாள். பிறகு அந்தப் பேச்சை அவள் எடுக்கவேயில்லை.

பட்டம் ஒரு வருஷம் தள்ளிப்போனது. அவள் நம்பியிருந்த விரிவுரையாளர் வேலை அதற்குள் வேறொருவருக்குப் போய்விட்டது. ஒரு பள்ளிக்கூடத்தில் சேர்ந்தாள். ஆய்வேட்டின் பிரதி ஒன்றை என் கையில் கொண்டுவந்து கொடுத்தாள். நன்றிப் பக்கத்தில் வழிகாட்டிக்கு அடுத்தபடி என்னைக் குறிப்பிட்டிருந்தாள். தெரிந்தே எழுதினாளா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

போன வருஷம் டவுன் மார்க்கெட்டில் அவளைப் பார்த்தேன். தலை நரைத்திருந்தது. அவள் என்னைப் பார்ப்பதற்குள் பக்கத்திலிருந்த பாத்திரக் கடைக்குள் நுழைந்து, அவள் கடந்துபோகும்வரை ஒரு தூக்குச்சட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றேன்.