திருப்பி ஒட்டிய கடல்

நாகர்கோவிலில் ஓர் ஓவியக் கண்காட்சி. நான் அனுப்பிய முன்வரைவைப் பார்த்து, முதல் முறையாக என் படத்தையும் சேர்த்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார்கள். மாலை ஐந்து மணிக்குள் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.

காலையில் தக்கலை வீட்டுச் சாப்பாட்டு மேசையில் எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தது. லினோ என்னும் ரப்பர் போன்ற தகட்டில் எழுத்தைச் செதுக்கி, மை தடவி, தாளை மேலே வைத்துக் கரண்டியின் முதுகால் தேய்த்து எடுப்பது என் முறை. ஒரு தகட்டில் கடல் என்ற நம் சொல், ஆங்கில எழுத்தில், படகுகளில் எழுதுவதுபோல் தடிமனாக. இன்னொன்றில் அதே பொருள் தரும் 'தரியா', பாரசீக எழுத்தில். அது, ஈரான் படகுகளில் வேலை செய்து திரும்பிய என் அண்ணன் கொண்டுவந்த மீன் டப்பாக்களில் ஒன்றின் லேபிளைப் பார்த்துப் பெரிதாக்கியது. பின்னணிக்கு அந்த லேபிள்களையும், கடைகளில் கிடைத்த ஆங்கில எழுத்து அட்டைப்பெட்டித் துண்டுகளையும் கலந்து ஒட்டி, அதன் மேல் ஆங்கிலக் கடலை அச்சிட்டும் விட்டேன். கூர்மையாக விழுந்திருந்தது.

பாரசீகத் தகட்டை வேறு தாளில் சோதித்துப் பார்த்தபோது அண்ணன் வந்தார்.

"ஏட்டி, இது கண்ணாடியில பாக்குற மாதிரில்லா இருக்கு. ஈரான்ல எவனும் இப்பிடி எழுத மாட்டான்."

அச்சில் எழுத்து நேராக விழ, தகட்டில் அதை இடவலம் மாற்றிச் செதுக்க வேண்டும். ஆங்கிலத்துக்கு வரைதாளைத் திருப்பிப் போட்டுத்தான் செதுக்கினேன். பாரசீகம் வலமிருந்து இடமாகவே போவதால், ஏற்கெனவே திரும்பியிருப்பதாக என் கை எடுத்துக்கொண்டு, திருப்பாமலே செதுக்கிவிட்டது. புதிய தகடு இல்லை. இருந்தாலும் செதுக்க இரண்டு நாளாகும்.

"கூடவே ஒரு கண்ணாடியும் வச்சுக் குடு," என்றார் அண்ணன்.

"சும்மா இரும் அண்ணே."

சோதனைத் தாளைக் கிழிக்க எடுத்தேன். பட்டம் செய்கிற மெல்லிய தாள் அது. ஜன்னல் பக்கம் வெளிச்சம் பட்டதும், தாளின் பின்பக்கத்தில் எழுத்து நேராகத் தெரிந்தது. புதிதாக ஒன்று அச்சிட்டு, மைப் பக்கம் கீழே இருக்கும்படி மைதாப் பசையால் படத்தின் மேல் ஒட்டினேன். எண்ணெய் மை என்பதால் பசையில் கலங்கவில்லை. தாள் நனைந்து கண்ணாடிபோலாக, உள்ளிருந்து பாரசீக எழுத்து மங்கலான நீலத்தில் எழுந்து வந்தது. ஆங்கிலக் கடல் கரையில் நிற்க, இது தண்ணீருக்கு அடியில் கிடந்தது. முன்வரைவில் இந்த ஆழம் இல்லை.

அண்ணன் வலது ஓரத்திலிருந்து விரல் வைத்து வாசித்தார். "இப்போ சரி. இது தரியாதான்."

பேருந்தில் பலகையோடு படத்தை அவர்தான் மடியில் வைத்திருந்தார், பசை இன்னும் காயாததால் யாரும் பக்கத்தில் சாய விடாமல். மண்டபத்தில் வாங்கிக்கொண்ட பெண் அதைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துவிட்டு, வாசலுக்கு நேர் எதிரே உள்ள சுவரில் மாட்டச் சொன்னார்.

திரும்பும்போது, இனி எல்லாப் பாரசீகத் தகட்டையும் திருப்பாமல்தான் செதுக்கப் போகிறேன் என்றேன்.

"அப்போ காலையில எதுக்குடி மொகத்த அப்பிடித் தொங்கப் போட்ட?" என்றார் அண்ணன்.