ஃபிலிம் மாட்டும் நேரம்

திருவள்ளூர் ஸ்கேன் சென்டரில் அம்மாவின் முழங்கால் எக்ஸ்ரேயை உறையிலிருந்து உருவினேன். அது படபடத்த சத்தம் என்னை அப்பாவின் ஸ்டுடியோவுக்குக் கொண்டுபோனது.

பள்ளிக்கூட குரூப் போட்டோக்களை அப்பா பெரிய கேமராவில் எடுப்பார். அதற்கான ஃபிலிம், தாள் போலத் தனித்தனியாக வரும். துளி வெளிச்சம் பட்டாலும் வீணாகிவிடும் என்பதால் கும்மிருட்டில்தான் அதைச் சட்டத்தில் மாட்ட வேண்டும். அப்பாவுக்குக் கை வியர்க்கும். ஃபிலிமைத் தொடுவது அம்மாவின் வேலை. வெளியே விட்டால் கதவைத் திறந்துவிடுவேன் என்று என்னையும் உள்ளே வைத்துக்கொள்வார்கள்.

மாமா கல்யாணத்தில் வந்த சண்டைக்குப் பிறகு இருவரும் வீட்டில் பேசிக்கொள்வதில்லை. இருட்டறையில் பேசித்தான் ஆக வேண்டும்.

“ஓரமா புடிச்சிக்கினியா?” என்பார் அப்பா.

“புடிச்சிக்கினேன்.”

“மிச்சத்தக் கறுப்புப் பேப்பர்ல சுத்திப் பொட்டில வச்சிடு.”

“வச்சிட்டேன்.” கொஞ்சம் பொறுத்து அம்மாவே கேட்பாள்: “மத்தியானம் சாப்டீங்களா, இல்லியா?”

“இல்ல.”

“ரசம் வச்சிருக்கேன்.”

அந்தக் குரல்களை நான் வெளியே கேட்டதே இல்லை.

பிறகு அப்பா சின்ன கேமரா வாங்கினார். ரோல் ஃபிலிமை வெளிச்சத்திலேயே ஒற்றை ஆளாக மாட்டிவிடலாம். ஒருநாள் அம்மா என்னிடம் சொல்லியனுப்பினாள்: “பழைய கேமராவுலயே எடுக்கச் சொல்லு. படம் நல்லா வரும்.”

“அது பெரிய பேஜாரும்மா,” என்றார் அப்பா என்னிடம். அவருக்குப் புரியவில்லை. எனக்கும் புரியவில்லை. அவர் சாகும்வரை இருவரும் பேசாமலே போயிற்று.

“பழைய கேமராவுலயே எடுக்கச் சொல்லி அப்பாகிட்ட நீயே கேட்டிருக்கலாமேம்மா?” என்றேன் இப்போது.

“லைட்டு எரியுற ஊட்ல எப்படிக் கேக்குறது?” என்றாள்.